வெயிலுக்கு நிற்கும் மை

மையை முகர்ந்து பார்த்து வாங்கிய முட்டாளை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். காண வேண்டுமென்றால் என்னைக் கண்டுகொள்ளலாம். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவது போல, கோட்டாற்றுக் கடையொன்றில் நின்று நான்கு மைக்குப்பிகளை வரிசையாகத் திறந்து மூக்கருகே பிடித்தேன். நான்காவது குப்பியில் லேசாகத் தாழம்பூ மணத்தது. நிறமும் கத்தரிப்பூ மாதிரி நல்ல ஊதா. "இது போதும்" என்றேன். கடைக்காரர் என் மூக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பொதிந்து கொடுத்தார்.

அந்த மையினால் நான் காதல் கடிதம் எழுதியிருந்தால் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு சபையின் இருபது வருஷத்துப் பிறந்தநாள்களை எழுதி வைத்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் போகிற வழியில் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தமிழ் வாத்தியார் வேலை. பள்ளிக்கூடத்தை ஒட்டியே கோயில். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் எழுதுவது என் பொறுப்பு. என் கையெழுத்து அழகு என்று ஊரில் ஒரு வதந்தி இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்பதை இப்போது சொல்வதில் ஆபத்து ஒன்றுமில்லை.

அந்த வருஷந்தான் பவுண்டன் பேனாவும் வாங்கினேன். கறுப்பு எபனைட் பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணுக்கு மருந்து விடுவது போலச் சொட்டுக்குழாயால் மை விட வேண்டும். "முள்ளு தங்கமா?" என்று கேட்டேன்.

"தங்கம் இல்ல வாத்தியாரே. முலாம் ஆக்கும்" என்றார் கடைக்காரர். நல்ல மனுஷர், வந்தவனிடம் உள்ளதைச் சொல்லித்தான் விற்றார். நான்தான் முலாம் என்ற வார்த்தையைக் கோட்டாற்றிலேயே விட்டுவிட்டு, தங்கத்தை மட்டும் ஊருக்குக் கொண்டு வந்தேன். சட்டைப் பையில் பேனா ஒழுகி, நெஞ்சில் நாலணா அகலத்துக்கு ஊதாக் கறையோடு நான் நடந்தபோது, "தங்கமுள் பேனான்னா அப்படித்தான் கொஞ்சம் ஒழுகும்" என்று விளக்கமும் கொடுத்தேன்.

அப்போது பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் கரையான் ஏறியிருந்தது. நாங்கள் ஐயர் என்று அழைக்கும் போதகர் என்னைக் கூப்பிட்டு, கெட்டியாகக் கட்டிய ஒரு புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, "எல்லாத்தையும் இதுல பகர்த்தி எழுதிரும் வாத்தியாரே" என்றார். எனக்குக் கை அரித்தது. புதுப் பேனா, புது மை, புதுப் புத்தகம். வேறென்ன வேண்டும்?

ஒரே ஆள் தடுத்தார். எங்கள் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, கோயிலைப் பெருக்குவது, விளக்கு துடைப்பது எல்லாம் அவர் வேலை. மை காய்ச்சுவதும் அவரே. கடுக்காயை இடித்து இரும்புச் சட்டியில் ஊறப்போட்டு, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கலந்து, வேலம்பிசின் கரைத்து, நாலைந்து நாள் வெயிலில் வைப்பார். கறுப்பாய், கொழகொழவென்று, துருப்பிடித்த ஆணி நாற்றத்தோடு ஒரு வஸ்து கிடைக்கும். பழைய பதிவேடு முழுவதும் அந்த மைதான்.

"இதுல எழுதுங்க சாரே" என்று ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் கொண்டு வந்தார்.

"இது மையாவேய்? பேதிக்குக் குடிக்கிற கஷாயம் மாதிரி இருக்கு."

"கஷாயந்தான். ஆனா எழுதினா எழுதினதாக்கும். ஒம்ம மைக்கு மணம் இருக்கு, செரி. பலம் இருக்கா?"

"தங்கமுள்ளுல இந்தச் சகதிய விட முடியாதுவேய்."

"தங்கமா?" என்று அவர் பேனாவை வாங்கி, முள்ளைக் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்றும் சொல்லாமை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி. ஒவ்வொரு பக்கமும் கத்தரித் தோட்டம் பூத்தது போல இருந்தது. போதகர் புரட்டிப் பார்த்து மூக்கைச் சுருக்கி, "நல்ல மணமா இருக்கே" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பழைய பதிவேட்டின் மிச்சத்தை அடுத்த மழைக்குள் கரையான் தின்று தீர்த்தது. போனால் போகட்டும், நம்மிடம்தான் புதிது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம்.

இனி எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை எங்கள் பக்கத்தில் சுவரையே நனைத்த பஞ்சாக்கிவிடும். பீரோவுக்குள் இருக்கிற புத்தகமெல்லாம் பூசணம் பூத்துவிடும். அதனால் ஆவணி வெயில் வந்ததும், ஒரு வாரம், காலையிலிருந்து உச்சிவரை, பலிபீடத்துத் துணி, வேதப்புத்தகம், பாட்டுப் புத்தகம், பதிவேடுகள் எல்லாவற்றையும் கோயில் முற்றத்து மணலில் ஓலைப்பாய் விரித்து வெயில் காயப் போடுவார் கோயில்பிள்ளை. காற்று புரட்டாமல் இருக்க, நடுவில் விரித்து, இடது பக்கம் ஒரு கல், வலது பக்கம் ஒரு கல். நூல் தைத்த இடத்தில் தானாக விரிகிற பக்கம் ஒன்று எந்தப் புத்தகத்துக்கும் உண்டல்லவா? ஒவ்வொரு வருஷமும் அதே பக்கம். எட்டு வருஷம் அப்படி வெயில் காய்ந்தது. புத்தகத்தைக் காப்பாற்றத்தான் செய்தோம்.

ஒன்பதாவது வருஷம், மாசி மாதம், ஒரு பெண் தன் தாயோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள்.

அவளை எனக்குத் தெரியும். என்னிடம் படித்தவள். வகுப்பில் முதல், உயரத்தில் கடைசி. தகப்பன் இல்லை. தாய் மிஷனுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பவள். இருபது வருஷம் தலையணையில் குத்திய ஊசிகளுக்கு நடுவே நூலை மாற்றி மாற்றிப் பின்னியதில் கண் இரண்டும் மங்கிப் போயிருந்தது. பெண்ணுக்கு நர்ஸ் படிப்புக்குச் சேர வேண்டும். போன வருஷமே போயிருக்கிறாள். பதினெட்டு பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. அங்கே நர்ஸுகளுக்குத் தலைவியாக இருந்த பெரிய அம்மா இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'பதினாலு கூட இருக்காதே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"இந்த வருஷம் கோயில் பதிவேட்டையே கொண்டு வான்னு சொல்லியாச்சு சாரே" என்றாள் பெண். "பங்குனி கடைசியில எடுக்காவ. இதும் போச்சுன்னா அம்மைக்க பக்கத்துல ஒரு லேஸ் தலகாணி எனக்கும் போட வேண்டியதுதான்."

தாய் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அது அழுகையா, மங்கலா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

"இதுக்கா இவ்வளவு கவல? என் கையால எழுதினது. ரெண்டு நிமிஷம்" என்று பீரோவைத் திறந்தேன்.

பதிவேடு தானாக விரிந்தது. நடுப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

வெள்ளை என்றால், எழுதாத வெள்ளை. நான் பக்கத்தைத் திருப்பினேன். முன்பக்கத்தில் எழுத்து இருந்தது, வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. பின்பக்கத்திலும் இருந்தது. நடுவில் இரண்டு பக்கம் மட்டும் சலவைக்குப் போய் வந்தது போல இருந்தது. முன்பின் பக்கங்களில் அவள் பெயர் இல்லை, அந்த இரண்டு பக்கத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

"எங்க சாரே?" என்றாள் பெண்.

"இங்கதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

போதகர் வந்தார். கோயில்பிள்ளை வந்தார். நான் உடனே என் வழக்கப்படி ஒரு முட்டாள்தனத்தை முன்மொழிந்தேன். "ஐயரே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நானே திரும்ப எழுதிருகேன்."

"என்ன தேதி?" என்றார் போதகர்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு என்ன தேதி வேணுமோ அதை எழுதுவீரு. ஒமக்கு மனசு எளகும், எனக்குத் தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது. தாயிடம் திரும்பி, "உங்களுக்கு ஞாபகம் இருக்கா அம்மா?" என்றார்.

"ஆவணி மாசம், ஞாயித்துக்கிழம, கோயில்ல மூணாம் மணி அடிக்கும்ப பொறந்தா. வருஷந்தான்..." என்று இழுத்தவள், கையை நீட்டி, பதிவேட்டைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. வலது கை நடுவிரலால் அந்த வெள்ளைப் பக்கத்தை மெதுவாகத் தடவினாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாக, லேஸில் விட்டுப்போன கண்ணியைத் தேடுகிற மாதிரி. பாதிப் பக்கத்தில் விரல் நின்றது.

"சாரே, இதுல கீறு இருக்கே. நெறயக் கீறு."

நான் தடவிப் பார்த்தேன். இருந்தது.

"தங்கமுள்ளு கீறாதே" என்றார் கோயில்பிள்ளை. மிகவும் சாதுவான குரல். எட்டு வருஷமாக இதைச் சொல்லக் காத்திருந்த மனுஷர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். நர்ஸ் படிப்பு ஒரு பக்கம், என் தங்கம் ஒரு பக்கம். தராசில் வைத்துப் பார்க்க நேரமில்லை.

"தங்கம் இல்ல. இரும்புதான். மேல முலாம்" என்றேன். "எழுதும்போது பேப்பர உழும்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார் போதகர்.

மறுநாள் காலை, சூரியன் பனைகளுக்கு மேலே ஏறுவதற்கு முன், கோயிலின் கிழக்கு வாசலில் கூடினோம். பதிவேட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெயில் பக்கவாட்டில் விழும்படி பிடித்தார் கோயில்பிள்ளை. வெள்ளைத் தாளில் மெல்லிய நிழல்கள் விழுந்தன. உழுத வயலைத் தூரத்திலிருந்து பார்ப்பது போல, வரி வரியாக என் எழுத்து எழுந்து வந்தது. முதலில் தகப்பன் பெயர். பிறகு தாய் பெயர். பிறகு அவள் தன் பெயரைத் தானே வாசித்தாள். தேதி, மாதம், வருஷம். போதகர் விரல் விட்டு எண்ணினார். பதினெட்டு முடிந்து ஆறு மாதம்.

தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் எந்த ஆஸ்பத்திரி அம்மாவிடம் போய், காலை ஆறரை மணிக்குக் கிழக்கே பார்த்து நின்று இதை வாசியுங்கள் என்று சொல்வது? போதகர் முடிவு சொன்னார்: வாசித்ததை அதே பக்கத்தின் அடியில் புதிதாக எழுத வேண்டும், வாசித்தவர்கள் எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"எந்த மை?"

நான் விரலில் ஒட்டிய ஊதாவை வேட்டியில் துடைத்தேன்.

"இந்தப் பதிவேட்டுல இனி ஏறுத மை, மொதல்ல வெயில்ல ஏறி எறங்கட்டும். பங்குனி கடைசிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. மூணு வாரம் காய வச்சு எனக்குக் காட்டும்."

மறுபடியும் கோட்டாற்றுக்குப் போனேன். இந்தத் தடவை மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார். நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். "அந்தப் பிள்ளைக்குக் கெடச்சுருமா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பச்சை, நீலம், கறுப்பு, புளூபிளாக் என்று எல்லாக் குப்பியிலும் ஒவ்வொரு சொட்டுக்குழாய் மை எடுத்து, மருந்துக் குப்பிகளில் விட்டுத் தந்தார்.

பள்ளிக்கூடத்துத் தெற்குச் சுவரின் மேல் ஒரு பலகை. பலகையில் ஆறு துண்டுத் தாள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மை, ஐந்தாவது என்னுடைய பழைய ஊதா, ஆறாவது கோயில்பிள்ளையின் கடுக்காய்க் கஷாயம். ஒவ்வொரு வரியின் பாதியை ஓட்டுத் துண்டால் மூடினேன். மீதிப் பாதி வெயிலுக்கு. மூடிய பாதியோடு ஒப்பிட்டால் எவ்வளவு வெளுத்தது என்று தெரியும். இது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம். எழுதிய வாசகம் என்னவென்றால், ஆறு தாளிலும் என்னுடைய பெயர்தான், அடியில் சுழித்த வாலோடு.

பெண் தினமும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வந்து பலகையைப் பார்ப்பாள்.

"இது என்ன, புளூபிளாக்கா? வெளறிக் கெடக்கே. இதத் தள்ளிரலாம்" என்றாள் முதல் நாள். மூன்றாம் நாள் அதே வரி கறுத்திருந்தது. அவள் ஓட்டை எடுத்துப் பார்த்தாள். மூடிய பாதியும் கறுத்திருந்தது.

"இதுக்கு ரோஷம் வர மூணு நாளாகும் போல" என்றாள்.

ஊதா ஆறாம் நாளே ஊரைவிட்டுப் போயிற்று. பச்சை பத்தாம் நாள் மஞ்சளாகி, பிறகு சந்தேகமாகியது. வெறும் நீலம் பதினைந்து நாள் போராடி, பசித்த வாத்தியார் போல ஆயிற்று. கறுப்பு மை வெயிலில் அசையவில்லை, நான் குதித்தேன். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார் கோயில்பிள்ளை. என் பெயர் சுழித்த வாலோடு வழிந்து தரையில் இறங்கியது. எங்கள் ஊர் மழைக்கு அது ஒரு நாள் தாங்காது.

நின்றவை இரண்டு. புளூபிளாக்கும் கஷாயமும். கஷாயந்தான் இன்னும் கறுப்பு.

"அப்ப இதுலயே எழுதுங்க சாரே. நாளாகுது" என்றாள் பெண்.

அவள் சொன்னபடி, மையில் தொட்டெழுதுகிற கட்டைப் பேனாவால் அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் பவுண்டன் பேனாவை வைத்துக்கொண்டு தொட்டெழுதுவதா? தங்கம் போனது போதாதா, பேனாவும் போக வேண்டுமா? ஆகவே கஷாயத்தைப் பேனாவுக்குள் விட்டேன். இரண்டு வார்த்தை எழுதிற்று. மூன்றாவதில் மூச்சு நின்றது. கழுத்தைத் திருகினால் திரும்பவில்லை. வேலம்பிசின் ஒட்டிக்கொண்டு, முள்ளின் அடிநாக்கில் வண்டல் உறைந்து, பேனா தொண்டை அடைத்த கோழி மாதிரி ஆயிற்று. வெந்நீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் குடைந்து, மீட்டெடுக்க நாலு நாள் பிடித்தது. ஒரு பெண்ணின் படிப்பில் நாலு நாளை என் பெருமைக்காகச் செலவழித்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். தினமும் வந்து, பேனாவைப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு சாரே?" என்று நோயாளியை விசாரிப்பது போல விசாரித்துவிட்டுப் போனாள். நல்ல நர்ஸாக வருவாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

புளூபிளாக் வாங்க மூன்றாம் முறையாகக் கோட்டாற்றுக்குப் போனபோது கடைக்காரர் குப்பியோடு வந்த சீட்டை விரித்து வாசித்துச் சொன்னார். இதிலும் இருப்பது கடுக்காய் மாதிரி ஒரு காய்ச்சத்தும் இரும்புச்சத்தும்தானாம். பிசின் கிடையாது, வண்டல் வடிகட்டியிருக்கிறது. எழுதும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் நீலம் சேர்த்திருக்கிறார்கள். காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கிற இரும்பு கறுக்கும்.

"அப்படின்னா எங்க கோயில்பிள்ளைக்க கஷாயமா?"

"கஷாயந்தான் வாத்தியாரே. சட்ட போட்டிருக்கு, அவ்வளவுதான்."

கோயில்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவே இல்லை. குப்பியைத் திறந்து முகர்ந்து, "துரு மணம் வருது. அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்றார். மூக்கை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

எழுதினோம். அந்த வெள்ளைப் பக்கத்தின் அடியில், கீறிக் கீறி, எட்டு வரி. போதகர் கையெழுத்து, கோயில்பிள்ளை கையெழுத்து, நான். தாயும் சாட்சி, மங்கிய கண்ணோடு தன் பெயரை எழுத்துக் கூட்டி, நெருக்கமாக, லேஸ் மாதிரியே எழுதினாள். உலர்வதற்கு மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலை ஒரு பிடி தூவி, தட்டிவிட்டார் கோயில்பிள்ளை. மூன்று நாள் பதிவேட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். நாளுக்கு நாள் கறுத்தது. நாளுக்கு நாள் எனக்கு உயரம் கூடியது.

பங்குனிக் கடைசியில் தாயும் பெண்ணும் புறப்பட்டார்கள். பதிவேட்டை இரட்டைத் துணியில் பொதிந்து தலையில் வைத்துக்கொண்டு கோயில்பிள்ளையும் கூடப் போனார். அன்றைக்கு நான் வகுப்பில் என்ன பாடம் நடத்தினேன் என்று ஆண்டவருக்கும் தெரியாது. சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். வெயில் சாய்ந்த ரோட்டில் மூன்று பேரும் வருவது தெரிந்தது. தாய் பெண்ணின் தோளில் கையைப் போட்டு நடந்தாள். சிரிக்கிறாளா என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. ஓடினேன்.

"கெடச்சுதா மக்கா?"

"கெடச்சு சாரே. வைகாசியில சேரணும்."

தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோயில்பிள்ளை பதிவேட்டை இறக்கி என்னிடம் கொடுத்தார். அதோடு பேசாமல் திரும்பியிருக்க வேண்டியவன் நான். ஆனால் மூன்று முறை கோட்டாறு, ஆறு தாள், மூன்று வாரம் வெயில், நாலு நாள் பேனாவுக்கு வைத்தியம் எல்லாம் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தன.

"அந்தப் பெரிய அம்மா பதிவேட்டத் தெறந்து பாத்தாவளா? அந்த மையப் பாத்து என்ன சொன்னாவ?"

பெண் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"வயசைத்தான் பாத்தாவ."